பவளக்கால் உள்ளானும் ஒரு சவுக்குக் கம்பும்

மதராசுக்கு நான் போன காரியம், அக்காளுக்கு ஒரு தையல் மெஷினைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. திரும்பும் கப்பலுக்குப் பதினோரு நாள் இருந்தது. மலேயாவில் தைப்பிங் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒருவனை வேலை கொடுக்காமல் பதினோரு நாள் அவிழ்த்துவிட்டால் அவன் அந்த ஊருக்கு என்னவெல்லாம் செய்துவிட்டு வருவான் என்பதைத்தான் எழுதப்போகிறேன். சிரிக்கிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள். கடைசியில் என்னைத் திட்டத் தோன்றினால் தயங்க வேண்டாம். உங்களுக்கு முன்னாலேயே நாலு பேர் திட்டியாயிற்று.

அக்காள் வீடு ராயபுரத்தில். அத்தானுக்குப் பருப்பு வியாபாரம். கீழே கடை, மேலே வீடு. காலையில் ஜன்னலைத் திறந்தால் மிளகாய் வற்றல் நெடி, துறைமுகத்து நிலக்கரிப் புகை, கருவாட்டு வாசனை மூன்றும் கைகோத்துக்கொண்டு உள்ளே வரும். தைப்பிங்கில் ஜன்னலைத் திறந்தால் மழை வரும். எது மேல் என்று அக்காளிடம் கேட்டேன். "மழையை வைத்துக் குழம்பு வைக்க முடியுமா?" என்றாள்.

எனக்கு இருக்கும் ஒரே கெட்ட பழக்கம், பறவைகளைப் படம் பிடிப்பது. அதிலும் சேற்றில் நடக்கும் பறவைகள். நம் ஊர்க் கண்டல் காட்டுச் சேற்றில் அவற்றைத் துரத்தித் துரத்தி ஆறு வருஷத்தில் நான் சேர்த்த படங்கள் எல்லாம் பின்பக்கப் படங்கள். மதராசுக்கு வடக்கே கடல் உள்ளே புகுந்து நிற்கும் எண்ணூர்க் கழியில் தை மாசத்தில் உள்ளானும், கோட்டான் என்று சொல்கிற வளைமூக்கு நீர்ப்பறவையும், பூநாரையும் கூட்டம் கூட்டமாக இறங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். காமிராவோடு கிளம்பியபோது அத்தான் தராசுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மாப்ளே, கொக்கைப் படம் புடிக்கவா கடல் தாண்டி வந்திய? எங்க கடை வாசல்ல நின்னா காக்கா வருமே, அதைப் புடிக்கப்பிடாதா?"

காக்காய்க்குக் கால் நீளம் போதாது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

முதல் நாள் பஸ்ஸில் போனேன். காமிராவை நிறுத்தும் முக்காலியைப் பார்த்த கண்டக்டர், "இன்னாபா இது, பீரங்கியா?" என்றார். இல்லை என்றதும், அப்படியானால் லக்கேஜ் டிக்கெட் உண்டு என்றார். பீரங்கி என்றே சொல்லியிருக்கலாம். டோல்கேட் தாண்டுவதற்குள் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி வண்டியைத் தள்ளி ஓரங்கட்டினோம். பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்த மீன்கூடைக்காரம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "தொரை மாரி ஷூ போட்டுகினு தள்ளுது பாரு, தள்ளுதா இல்ல சாஞ்சிகினு கீதா?" என்றாள். உண்மையில் சாய்ந்துகொண்டுதான் இருந்தேன். மறுநாளிலிருந்து முதல் பாசஞ்சர் ரயிலில் போய், சாயங்கால ரயிலில் திரும்பினேன். ரயிலை யாரும் தள்ளச் சொல்வதில்லை.

எண்ணூரில் இறங்கிச் சவுக்குத் தோப்பைத் தாண்டினால் கழி. ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் குப்பம், நடுவில் வானத்தை அப்படியே படுக்கப் போட்டாற்போலத் தண்ணீர். தண்ணீர் வற்றிய இடமெல்லாம் சேறு. சேறெல்லாம் கால்கள். எனக்குத் திறந்த வாய் மூடவில்லை. கரையில் படகைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்த ஒருவர், "வாயை மூடு சார், ஈ பூந்துக்கப் போவுது" என்றார். அப்படித்தான் கன்னியப்பன் எனக்கு அறிமுகமானார்.

கறுப்பாக, ஒல்லியாக, நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் நிலம் அளக்க வந்த சர்வேக்காரன் என்று முதலில் நினைத்திருக்கிறார். பறவைப் படம் என்றதும் நம்பவில்லை. "இத்த வச்சிகினு இன்னா செய்வே?" என்று கேட்டார். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவேன் என்றேன். "சோத்துக்கு?" என்றார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். இரண்டாம் நாளே நான் 'சார்' போய் 'நைனா' ஆகிவிட்டேன்.

அந்த இரண்டாம் நாள் முழுக்க என்னைப் படகில் வைத்துக் கோல் ஊன்றிக் காட்டினார். பறவைகளுக்கு அவர் வைத்திருந்த பேர்களை எல்லாம் எழுதிக்கொண்டேன். நான் தேடி வந்தது பவளக்கால் உள்ளான். கறுப்பு வெள்ளை உடம்பு, ஊசி மூக்கு, பவளம் போலச் சிவந்த, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளக் கால். என் பிலிமில் சிவப்பு விழாது, சாம்பலாகத்தான் விழும் என்று சொன்னேன். "அப்ப அது காலே இல்லாத மாரிதான்" என்றார். மத்தியானம் அவர் மனைவி அஞ்சலையம்மாள் இறால் தொக்கும் சோறும் போட்டாள். நம் ஊர்ச் சீனன் கடையில் இறால் மிட்டாய் போல இனிக்கும். இங்கே காதில் புகை வந்தது. நான் தவித்ததைப் பார்த்துக் குப்பமே சிரித்தது. நானும் கூடுதலாகத் தவித்துக் காட்டினேன். ஜனங்கள் சிரித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அதுதான் என் வியாதி.

அன்றைக்கே விசேஷத்துக்கும் கூப்பிட்டார்கள். மகள் செல்லம்மாவுக்கு ஏழாம் மாசம், வளையல் போடப் போகிறார்கள். நாளை மறுநாள் விருந்து. பழவேற்காட்டிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். "எம் பொண்ணு விசேஷத்துக்கு எம் பாட்டுல வுழுந்த மீனுதான்" என்று கன்னியப்பன் மார்தட்டினார்.

பாடு என்றால் என்ன என்று அப்போது நான் கேட்கவில்லை. அந்தக் கழியில் மீன் நன்றாக விழும் இடங்கள், அதாவது பாடுகள், சிலதான். அவற்றில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று குப்பத்தார் முறை போட்டு வைத்திருக்கிறார்கள். முறை வந்தவர் முதல் நாள் சாயங்காலமே தம் இடத்தில் ஒரு சவுக்குக் கம்பு நட்டு, உச்சியில் தென்னங்கீற்றும் துணியும் கட்டிவிடுவார். காலையில் வத்தம் தொடங்கும்போது, அதாவது தண்ணீர் கடலுக்குத் திரும்பும்போது, அங்கே கம்பு இல்லை, ஆளும் இல்லை என்றால் அவர் முறையை விட்டுவிட்டார் என்று அர்த்தம். அடுத்த முறைக்காரர் வலையை இறக்கலாம். இறக்கிய வலையை அந்த வத்தம் முடியும்வரை யாரும் தூக்கக் கூடாது. விட்ட முறை மறுபடி வரப் பதினெட்டு நாள். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அங்கே பிறந்த நண்டுக்கும் தெரிந்த விஷயத்தை யார் யாருக்குச் சொல்வார்கள்?

மூன்றாம் நாள் விடிந்ததும் கன்னியப்பன் என்னைச் சேற்றுத் திட்டில் இறக்கிவிட்டார். நாலு குச்சி நட்டு, மேலே கோணியைப் போர்த்தி, உள்ளே குந்திக்கொண்டு ஓட்டை வழியாகக் காமிராவை நீட்டுவது என் முறை. எல்லாம் ஆனபிறகுதான் பிலிம் பையை ஸ்டேஷன் பெஞ்சில் விட்டுவந்தது நினைவு வந்தது. காமிராவுக்குள் ஒரு சுருள் இருந்தது, ஆனால் அது போதுமா? "ஓடிப்போய் எடுத்தாரீங்களா?" என்று கேட்டேன். அவர் தண்ணீரைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி நைனா, வத்தத்துக்கு முன்னால வந்துடறேன்" என்று போனார்.

வெளிச்சம் ஏறியது. பறவைகள் வந்தன. கோட்டான் ஒன்று வளைந்த மூக்கை முழுசாகச் சேற்றுக்குள் விட்டுத் துழாவியது. பிறகு பவளக்கால் உள்ளான்கள், ஏழெட்டு. இருபதடி தூரத்தில். காமிராவில் கண்ணை வைத்தால், நடுவில் ஒரு கம்பு. உள்ளான் எங்கே நின்றாலும் அதன் தலையிலிருந்து கம்பு முளைத்தாற்போல இருந்தது. அதன் உச்சியில் வாடிய கீற்றும் ஒரு கந்தல் துணியும் வேறு. ஆறு வருஷம் பின்பக்கம் எடுத்தவனுக்கு இன்றைக்குக் கொண்டை முளைத்த உள்ளானா?

எழுந்துபோனேன். பறவைகள் பறந்தன. இரண்டு கையாலும் பிடுங்கினேன், நன்றாகத்தான் நட்டிருந்தார்கள். கீற்றைத் தண்ணீரில் விட்டேன். நீலக்கோடு போட்ட அந்தத் துணி மெத்தென்று இருந்தது, லென்ஸ் துடைக்க ஆகும் என்று பைக்குள் போட்டுக்கொண்டேன். கோணி ஒரு பக்கம் தொய்ந்திருந்தது, கம்பை அதற்கு முட்டுக் கொடுத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு உட்கார்ந்தேன். கால் மணியில் பறவைகள் திரும்பி வந்தன.

அப்போது ஒரு படகு வந்தது. உள்ளே வலையும் ஓர் ஆளும். ஆள் கோலை நிறுத்திவிட்டு அங்கேயும் இங்கேயும் தேடினார். சுற்றி வந்து மறுபடி தேடினார். என் கோணியைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "சார், இங்க எங்க மாமா கம்பு நட்டாரா?" என்று கேட்டார்.

உள்ளான் ஒன்று சரியாக ஒற்றைக் காலைத் தூக்கியிருந்தது. நான் ஓட்டை வழியாகக் கையை நீட்டி, இல்லை, போ, போ என்று ஆட்டினேன். காதில் விழுந்த கேள்வி மூளைக்குப் போகவில்லை என்று சொல்லத்தான் ஆசை. போயிற்று. ஒரு கம்பு, அதற்கு இவ்வளவா என்று மூளை சொல்லிற்று. அவ்வளவுதான்.

அவர் சத்தமில்லாமல் வலையைக் கட்டினார். பறவைகள்கூடக் கலையவில்லை. நான் சுருள் முழுவதையும் எடுத்து முடித்தேன்.

கன்னியப்பன் என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரைக்க இரைக்கக் கோல் ஊன்றி வந்தபோது வத்தம் பாதியாகிவிட்டது. தம் இடத்தில் வலை கட்டியிருப்பதையும், கட்டியவர் யார் என்பதையும் பார்த்தார். கட்டியவர் ஏழுமலை, அடுத்த முறைக்காரர், அஞ்சலையம்மாளின் தம்பி, செல்லம்மாவின் தாய்மாமன்.

"டேய் ஏழுமல! எம் பாட்டுல இன்னாடா பண்றே?"

"கம்பு இல்லியே மாமா. விசேஷ வேலைல வுட்டுட்டேன்னு நெனச்சேன். அக்கா வூட்டுக்குத்தான மீனு, யாரு வலைல வுழுந்தா இன்னா?"

"நேத்து எங்கையால நட்டேன்டா! நீ புடுங்கிப் போட்டுட்டு எங்கிட்டயே கத வுடறியா?"

"நான் புடுங்கல. அந்த சாரக் கேட்டேன். இல்லன்னு கைய ஆட்னாரு. கேட்டுக்கோ!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கோணிக்கு முட்டுக் கொடுத்திருந்த கம்பு என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

"கம்பு இருந்துச்சா நைனா?" என்று கேட்டார் கன்னியப்பன்.

"நான் கொக்கு பார்க்க வந்தவன் ஐயா, கம்பு பார்க்கவா வந்தேன்?" என்றேன்.

நன்றாகத்தான் வந்து விழுந்தது அந்தப் பேச்சு. அவ்வளவு கோபத்திலும் கன்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்த சிரிப்பில் ஏழுமலை பொய்யன் ஆனார். அந்த மனுஷர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கோணியைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்து கம்பைச் சேற்றில் போட்டு ஷூவால் மிதித்தேன். சேறு நல்ல சேறு, கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது.

அன்று மத்தியானம் ஏழுமலை ஒரு கூடை இறாலைத் தம் அக்காள் அஞ்சலையம்மாள் வீட்டுக்கு அனுப்பினார். கன்னியப்பன் அதைத் தெருவில் வைத்தே திருப்பி அனுப்பினார். "திருட்டுப் பாட்டு மீனு எம் பொண்ணு எலைல வுழக்கூடாது. திருடன் வளையலும் எம் பொண்ணு கைல ஏறக்கூடாது" என்று ஊர் கேட்கச் சொன்னார். நான் அப்போது ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு நடந்தேன். ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.

மறுநாள் போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். போனேன். வழியில் உப்பளத்து வரப்பில் ஒரு கோட்டான் நின்றது. எண்ணிப்பார்த்தால் வெட்கக்கேடு, அந்த மனநிலையிலும் நின்று நிதானமாகக் கடைசிச் சுருளையும் அதற்கே செலவழித்துவிட்டுத்தான் விருந்துக்குப் போனேன்.

பந்தியில் சம்பந்தி வீட்டாருக்கு நடுவே என்னை உட்காரவைத்தார்கள். மலேயா விருந்தாளி அல்லவா? இலையில் சோறு விழுந்தது. சோற்றின்மேல் பருப்புச் சாம்பார் விழுந்தது. பக்கத்திலிருந்த பழவேற்காட்டுப் பெரியவர் சாம்பாரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா சம்பந்தி, ஐயரு வூட்டுக் கல்யாணமா இது? கழி வத்திப்போச்சா?"

கன்னியப்பன் தலை குனிந்துகொண்டு அடுத்த இலைக்கு அப்பளம் வைத்தார். கழியில் கோல் ஊன்றும்போது நிமிர்ந்தே இருக்கும் ஆள்.

கூடத்தில் செல்லம்மாவை மணையில் உட்காரவைத்திருந்தார்கள். அங்கே வழக்கம், தாய்மாமன் கொண்டுவரும் வளையல்தான் முதலில் கையில் ஏற வேண்டும். கிழவிகள் நேரமாகிறது என்றார்கள். சம்பந்தியம்மாள் தான் கொண்டுவந்த வளையலை எடுத்தாள். செல்லம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மாமா வளையல் வராம வாணாம்."

"அந்தத் திருடன் பேர எடுக்காத" என்றார் கன்னியப்பன்.

"எந் தம்பி திருடன் இல்ல" என்றாள் அஞ்சலையம்மாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் மூன்று வீடு தள்ளித்தான் ஏழுமலை வீடு. அங்கே ஏழுமலை வாசலில் உட்கார்ந்திருந்தது பந்தியிலிருந்தே தெரிந்தது.

பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டேன். "கம்பைப் பிடுங்கின திருடன் இங்கே உட்கார்ந்து சாம்பார் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்" என்றேன்.

பந்தி முழுவதும் சிரித்தது. பழவேற்காட்டுப் பெரியவர் என் முதுகில் தட்டினார். "இந்த மன்சன் நல்ல தமாசு" என்றார்.

"உண்மையாகவே நான்தான்" என்றேன். இன்னும் சிரித்தார்கள். மூன்று நாளாக நான் சொன்ன எதுவும் உண்மையாக இருந்ததில்லையே, அவர்களைச் சொல்லி என்ன? எச்சில் கையோடு எழுந்தேன். இடது கையால் காமிராப் பையைத் துழாவி அந்தத் துணியை எடுத்து நீட்டினேன். அஞ்சலையம்மாள் வந்து வாங்கி, விரித்துப் பார்த்தாள்.

"இது எம் பொடவக் கிழிசல். நாந்தான் கிழிச்சிக் குடுத்தேன், கம்புல கட்ட."

சிரிப்பு நின்றது. நான் சொன்னேன், கம்பு படத்துக்கு இடைஞ்சலாக இருந்தது, பிடுங்கினேன், அவர் கேட்டார், இல்லை என்றேன், நீங்கள் கேட்டீர்கள், தமாஷ் பண்ணினேன், கம்பு திட்டில் சேற்றுக்குள் இருக்கிறது. இவ்வளவுதான் மொத்தமும். என் வாழ்க்கையில் நான் தமாஷ் கலக்காமல் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

கன்னியப்பன் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். அவர் அப்பளத் தட்டைக் கீழே வைத்தார். "ஒரு பறவப் படத்துக்கா நைனா?" என்றார். பதிலுக்கு நிற்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.

எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டோம். ஏழுமலை எழுந்திருக்கவில்லை.

"வா மச்சான். தப்பு எம் மேல."

"நேத்து ஊரு கேக்கச் சொன்னியே மாமா. இப்ப எங்காதுல மட்டும் சொல்றே."

கன்னியப்பன் திரும்பி நின்றார். குப்பத்துக்கும் சவுக்குத் தோப்புக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்: "எம் மச்சான் திருடன் இல்ல! நாந்தான் அறிவு கெட்டவன்! கம்பைப் புடுங்கினது அந்தக் கொக்குக்காரன்!"

ஏழுமலை உள்ளே போனார். கதவு கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு வேட்டியை மாற்றிக்கொண்டு, வளையல் கூடையோடு வெளியே வந்தார். என் எதிரே வந்ததும் நின்றார்.

"இன்னா சார், நான் கேட்டப்ப வாய்தான் மூடிகினு இருந்துச்சி. கைக்கு இன்னா கேடு? எப்டி ஆட்டிச்சி பாரு, சோக்கா!" என்று என் கை ஆட்டியது போலவே ஆட்டிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை நான் சிரிப்பில் சேரவில்லை.

அவர் கொண்டுவந்த பச்சை வளையல் செல்லம்மாவின் கையில் முதலில் ஏறியது. பெண்கள் குலவை போட்டார்கள். பழவேற்காட்டுப் பெரியவர் சாம்பாரை மன்னித்து இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். நான் மெல்ல நழுவப் பார்த்தேன்.

"நைனா, எங்க போறே? மாமனையும் பொண்ணையும் ஒரு போட்டோ புடி. அதுக்காச்சும் அந்தப் பொட்டி ஒதவட்டும்" என்றார் கன்னியப்பன்.

ஏழுமலை சட்டென்று தலையை வாரிக்கொண்டார். செல்லம்மா வளையல் கையை மடியில் விரித்து வைத்தாள். அஞ்சலையம்மாள் இரண்டு பேர் நடுவிலும் வந்து நின்றாள். கன்னியப்பன் தயங்கித் தயங்கி மச்சான் தோளில் கைபோட்டார். நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள்.

பிலிம் இல்லை. கடைசியாக இருந்ததைக் கோட்டான் கொண்டுபோய்விட்டது. அதைச் சொல்ல ஒரு வாய்தான் வேண்டும். பத்து நிமிஷத்துக்கு முன்னால் பெரிய உண்மையைச் சொன்ன வாய். அதற்கு இந்தச் சின்ன உண்மை வரவில்லை. காமிராவைத் தூக்கினேன், கண்ணை வைத்தேன், "அசையாதீங்க" என்றேன், அமுக்கினேன். 'டிக்' என்று அழகாகச் சத்தம் வந்தது. நாலு பேரும் மூச்சை விட்டார்கள்.

"ஒண்ணு அனுப்பு சார்" என்றார் ஏழுமலை. அதுவரை அவர் என்னோடு பேசியதிலேயே மரியாதையான பேச்சு அதுதான்.

உள்ளான் படம் நன்றாக வந்திருக்கிறது. ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, பின்னால் ஒரு துரும்புகூட இல்லாமல், துடைத்துவிட்டாற்போல நிற்கிறது. எங்கள் ஆபீஸ் துரை பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான பின்னணி எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். ராசி என்றேன். சட்டம் போட்டு வைத்திருக்கிறேன், சுவரில் மாட்டவில்லை.

போன வாரம் எண்ணூரிலிருந்து கடுதாசி வந்தது. கன்னியப்பன் சொல்லச் சொல்லப் போஸ்டாபீசில் யாரோ எழுதியிருக்கிறார்கள். செல்லம்மாவுக்கு ஆண் குழந்தை. இருவரும் சுகம். மச்சான் ரயில் வரும்போதெல்லாம் போட்டோ வந்ததா என்று கேட்கிறான். படம் கெட்டுப்போயிருந்தாலும் பரவாயில்லை, அப்படியே அனுப்பவும்.

கெட்டுப்போவதற்கும் ஒரு படம் வேண்டுமே ஐயா.